கிர்பத் அன்-நஹாஸ்: செம்பு போன பின் எஞ்சிய ஊர்

ஜோர்தானின் தென்பகுதியில், சாக்கடலுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், மலைத்தொடர் இறங்கி வாதி அரபா என்ற வறண்ட பெருஞ்சமவெளியைத் தொடும் இடத்தில் ஒரு பழைய ஊரின் சிதைவுகள் கிடக்கின்றன. சுமார் 10 ஹெக்டேயர் பரப்பில் நூறளவான கற்கட்டடங்களின் அடித்தளங்களும் இடிந்த சுவர்களும் அங்கு இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலும் மேலும் கரிய மேடுகள் பரந்து கிடக்கின்றன. முதலில் பார்ப்பவருக்கு எரிமலைக் குழம்பு உறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் அவை இயற்கையானவை அல்ல. செம்பை உருக்கி எடுத்த பின் உலையிலிருந்து வெளியேற்றப்பட்ட கசடு அது.

அந்தப் பகுதியின் பெதுயின் மக்கள் இந்த இடத்தை கிர்பத் அன்-நஹாஸ் என்று அழைக்கின்றனர். அரபு மொழியில் அதன் பொருள் ‘செம்பின் இடிபாடுகள்’. இங்கு மட்டும் 50,000 முதல் 60,000 தொன் வரையிலான கசடு குவிந்திருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஃபைனான் என அழைக்கப்படும் முழுப் பிரதேசத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது 150,000 முதல் 200,000 தொன் வரை போகும்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தத் தொழிற்சாலை ஊர் கடந்த 20 ஆண்டுகளாகத் தொல்லியலாளர்களிடையே கடும் விவாதத்துக்கு உரியதாக இருக்கிறது. இது எந்த அரசனுடைய சுரங்கம் என்பதே அந்த விவாதத்தின் மையம். ஆனால் இந்தக் கற்களும் கசடும் அதைவிட முக்கியமான வேறொரு கதையைச் சொல்கின்றன. கனிமம் ஓரிடத்திலிருந்து எடுக்கப்படும்போது எது வெளியே போகிறது, எது அந்த மண்ணிலேயே தங்குகிறது என்பதே அந்தக் கதை. ஃபைனானின் செம்பை மீண்டும் தோண்டுவது பற்றி ஜோர்தான் அரசாங்கம் பேசத் தொடங்கியுள்ள நிலையில், அது வெறும் பழங்கதையாகவும் இல்லை.

பச்சைக் கல்லில் தொடங்கியது

ஃபைனானில் செம்பு இருப்பதை அறிய மனிதர்களுக்குப் பெரிய அறிவியல் தேவைப்படவில்லை. மணற்பாறைகளிலும் சுண்ணக்கல் அடுக்குகளிலும் பச்சையும் நீலமுமான தாது கண்ணுக்குத் தெரியும்படியே படிந்திருக்கிறது. பிரிட்டிஷ் தொல்லியலாளர்களான ஸ்டீவன் மிதன், பில் ஃபின்லேசன் ஆகியோர் அகழ்ந்த ‘வாதி ஃபைனான் 16’ என்ற கற்காலக் குடியிருப்பு 11,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. அங்கு வாழ்ந்தோர் பச்சைக் கற்களில் மணிகள் செய்து அணிந்தனர். உலோகம் என்ற ஒன்று இருப்பதே அப்போது எவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அது நல்ல நிறமுள்ள ஒரு கல், அவ்வளவுதான்.

இதே தாதுப் படிவின் இன்னொரு பகுதி எல்லைக்கு அப்பால், இஸ்ரேலின் தெற்கே திம்னா என்ற இடத்தில் உள்ளது. ஒரு காலத்தில் இவ்விரண்டும் அருகருகே இருந்தன. சாக்கடல் வழியாகச் செல்லும் நிலப்பிளவின் இரு புறமும் பல மில்லியன் ஆண்டுகளாக நகர்ந்ததில் அவை இன்று நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான இடைவெளியில் நிற்கின்றன. அதனால் ஒன்றில் கண்டறியப்படுவது மற்றதைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

தாதுவை உருக்கும் வித்தை பிற்காலத்திலேயே வந்தது. தொடக்க வெண்கலக் காலத்தில் மலைச்சரிவுகளில் உலைகளை அமைத்து, பலத்து வீசும் காற்றையே துருத்தியாகப் பயன்படுத்தினர். கி.மு. 3 ஆம் ஆயிரமாண்டில் கிர்பத் ஹம்ரா இஃப்தான் என்ற இடத்தில் செம்பை வார்த்துக் கோடரி, உளி, பாளம் போன்றவற்றைச் செய்யும் பெரிய பட்டறை ஒன்று இயங்கியது. அதன் களிமண் அச்சுகள் பெருமளவில் கிடைத்துள்ளன.

ஓர் உலை எப்படி இயங்கியது?

கிர்பத் அன்-நஹாஸ் உச்சத்தில் இருந்தது இதற்கும் ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், இரும்புக் காலத்தின் தொடக்கத்தில். அதற்குள் தொழில்நுட்பம் வெகுதூரம் முன்னேறியிருந்தது.

களிமண்ணால் கட்டிய சிறிய உலையில் நொறுக்கிய தாதுவையும் மரக்கரியையும் மாறிமாறி இடுவார்கள். களிமண் குழாய்களின் வழியே துருத்தியால் காற்று ஊதப்படும். வெப்பம் 1,200 பாகை செல்சியசை அண்மிக்கும்போது கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயு தாதுவிலுள்ள ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும். உலோகச் செம்பு அடியில் தங்கும். கல்லும் மண்ணும் உருகிக் கசடாக மேலே மிதக்கும். உலையைத் துளைத்துக் கசடை வெளியே ஓடவிட்டால் அது குளிர்ந்து கரிய பாளமாக இறுகிவிடும்.

கசடு இலகுவாக உருகி ஓடவேண்டுமானால் தாதுவுடன் இளக்கி ஒன்றைச் சேர்க்கவேண்டும். ஃபைனான் தாதுவின் ஒரு வகையில் மங்கனீசு இயற்கையாகவே கலந்திருந்ததால் அதுவே இளக்கியாகப் பயன்பட்டது. இந்த வேதியியலை விரிவாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் போஹும் நகர சுரங்கவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஹௌப்ட்மன். 1980 களில் தொடங்கிய அவரது குழுவின் ஆய்வே ஃபைனானின் உலோக வரலாற்றுக்கு அடித்தளம் இட்டது.

கசடு வெறும் கழிவு அல்ல. அதற்குள் எவ்வளவு செம்பு தப்பி நின்றுவிட்டது என்பதை அளந்தால் உலையை இயக்கியவரின் கைத்திறன் தெரியும். ஃபைனானிலும் திம்னாவிலும் எடுத்த கசடு மாதிரிகளை இவ்வாறு அளந்த ஆய்வொன்று 2019 இல் வெளிவந்தது. கி.மு. 10 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்நுட்பம் திடீரென ஒரு பெரிய பாய்ச்சலை எடுத்ததாகவும், அதன் பின்னர் இரு இடங்களிலும் ஒரே தரத்தில் உற்பத்தி நடந்ததாகவும் அது கூறியது. தூரத்தில் இருந்த இரு மையங்கள் ஒரே முறையைப் பின்பற்றினவென்றால், இரண்டையும் ஒருங்கிணைத்த ஏதோ ஓர் அமைப்பு இருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் வாதம்.

‘சாலமோனின் சுரங்கம்’ என்ற பெயர்

அந்த அமைப்பு யாருடையது என்ற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

1930 களில் அமெரிக்கத் தொல்லியலாளரும் யூத மதகுருவுமான நெல்சன் குளுக் இந்தப் பகுதியை ஆராய்ந்தார். மேற்பரப்பில் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளை வைத்து, இது கி.மு. 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார். விவிலியம் கூறும் அரசன் சாலமோனின் காலம் அதுவே என்பதால் இச்சுரங்கங்களை அவருடன் இணைத்தார். இடத்தைச் சூழ்ந்திருந்த சுவர் அடிமைகள் தப்பியோடாமல் தடுக்கக் கட்டப்பட்டது எனவும் கருதினார்.

பின்னர் வந்தவர்கள் இதை மறுத்தனர். ஃபைனானுக்கு மேலேயுள்ள உயர்நிலத்தில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கிறிஸ்டல் பென்னெற் செய்த அகழ்வுகளில், விவிலியம் ஏதோம் என்று அழைக்கும் நாட்டின் பெரிய ஊர்கள் கி.மு. 8, 7 ஆம் நூற்றாண்டுகளிலேயே தோன்றியதாகத் தெரிந்தது. அசீரியப் பேரரசின் நிழலிலேயே ஏதோம் ஓர் அரசானது என்ற கருத்து நிலைபெற்றது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த தோமஸ் லெவி, ஜோர்தான் தொல்லியலாளர் முஹம்மத் நஜ்ஜார் ஆகியோர் 2002 இல் கிர்பத் அன்-நஹாஸில் அகழத் தொடங்கியபோது இந்தக் கருத்து ஆட்டம் கண்டது. 2006 இல் ஒரு கசடு மேட்டை அவர்கள் மேலிருந்து கன்னி மண் வரை வெட்டினர். ஆறு மீற்றருக்கும் அதிக ஆழத்துக்கு அடுக்கடுக்காகக் கசடும் சாம்பலும் கரியும் இருந்தன. அந்தக் கரித்துண்டுகளைக் கதிரியக்கக் காபன் முறையில் காலக்கணிப்புச் செய்தபோது, உற்பத்தியின் உச்சம் கி.மு. 10, 9 ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்திருப்பது தெரியவந்தது.

அதே இடத்தில் பக்கத்துக்கு 73 மீற்றர் நீளமான சதுரக் கோட்டை ஒன்றும் உள்ளது. நான்கு அறைகளைக் கொண்ட அதன் வாயிற்கட்டடத்தை லெவியின் குழு கி.மு. 10 ஆம் நூற்றாண்டுக்கு உரியதாகக் கணித்தது. பின்னர் காவல் பணி முடிந்து அக்கட்டடமும் உலோக வேலைக்கே பயன்பட்டிருக்கிறது.

எதிர்வாதங்களும் வந்தன. கரியின் காலம் வேறு, அதன் அருகிலுள்ள கோட்டையின் காலம் வேறு என்றார் இஸ்ரேலியத் தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன். கோட்டை அசீரியர் காலத்தில் பழைய கசட்டின்மேல் கட்டப்பட்டிருக்கலாம் என்பது அவரது கருத்து. கோட்டையின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்க, கி.மு. 10, 9 ஆம் நூற்றாண்டுகளில் அங்கு பெருந்தொழில் நடந்தது என்பதைக் கசடு மேடு உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் செய்தித் தலைப்புகளில் வந்தது அதுவல்ல. ‘சாலமோனின் சுரங்கங்கள் கிடைத்துவிட்டன’ என்றே உலகெங்கும் எழுதினார்கள். சாலமோனின் பெயர் பொறித்த ஒரு துண்டுகூட அங்கு கிடைக்கவில்லை.

மண்ணுக்கடியில் கிடைக்கும் கல்லை மண்ணுக்கு மேலுள்ள உரிமைக்கான சான்றாக மாற்றும் அரசியலை இலங்கை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஃபைனானிலும் அதுவே நடந்தது. எந்த அரசன் என்று கேட்டவர்கள் பலர். வேலை செய்தவர்கள் யார் என்ற கேள்வி நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது.

வேலை செய்தவர்கள் யார்?

அந்தக் கேள்விக்கான விடை அருகிலுள்ள கல்லறைகளில் இருந்து வந்தது. வாதி ஃபிதான் 40 என்று பெயரிடப்பட்ட இரும்புக்கால இடுகாட்டில் நூற்றுக்கணக்கான கல்லறைகள் அகழப்பட்டன. வட்டமாகக் கற்கள் அடுக்கிய எளிய குழிகள் அவை. மணிமாலைகளும் தோலும் மரக்கிண்ணங்களும் கிடைத்தன. மட்பாண்டம் மிக அரிதாகவே இருந்தது. ஓரிடத்தில் நிலைத்து வாழாத, கூடாரங்களுடன் ஆடு மேய்த்துத் திரிந்த மக்களின் அடக்க முறை இது.

அதாவது பாலைவனத்தின் மிகப்பெரிய தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தவர்கள் நாடோடிகள். அரண்மனையும் நகரமும் இல்லாத சமூகம் பலவீனமானது என்று தொல்லியல் நீண்டகாலம் நம்பியது தவறு என்கிறார் திம்னாவில் ஆய்வு செய்யும் தெல் அவீவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரெஸ் பென்-யோசெஃப். கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் கற்சுவரை விட்டுச்செல்லவில்லை என்பதற்காக அவர்களுக்கு ஆட்சியோ ஒழுங்கோ இருக்கவில்லை என்று சொல்லமுடியாது என்பது அவரது வாதம். இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் கேள்வியை அவர் இடம் மாற்றியிருக்கிறார்.

குளுக் கற்பனை செய்த அடிமை முகாமும் இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. திம்னாவின் உலைக்களங்களில் கிடைத்த விலங்கெலும்புகளை ஆராய்ந்தபோது, உலையை இயக்கியவர்கள் ஆட்டிறைச்சியின் நல்ல பகுதிகளை உண்டது தெரிந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள மத்தியதரைக் கடலிலிருந்து மீனும் வந்திருக்கிறது. விலைமதிப்பான ஊதாச் சாயமிட்ட துணித்துண்டுகளும் அங்கு கிடைத்தன. உலை முன் நிற்பவர் மதிக்கப்பட்ட வினைஞர். நிலத்தடியில் தாது வெட்டியவர்களுக்கு அதே மதிப்புக் கிடைத்ததா என்பது வேறு விடயம்.

அவர்கள் எடுத்த செம்பு எங்கே போனது? உலோகத்திலுள்ள ஈய ஓரிடமூலகங்களை ஒப்பிட்டு அது எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்று கண்டறியலாம். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் தெய்வத்துக்குக் காணிக்கையாகச் செய்த முக்காலிக் கொப்பரைகளில் ஃபைனான் செம்பு இருப்பது 2016 இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. எகிப்தின் தானிஸ் நகரில் ஓர் அரசனின் கல்லறையில் வைத்த சிறு உருவங்களிலும் அரபாப் பள்ளத்தாக்கின் செம்பு இருந்தது. கோயிலும் அரசனும் உலோகத்தைப் பெற்றார்கள். கசடு ஃபைனானிலேயே நின்றது.

தண்டனையாக வந்த செம்பு

கி.மு. 9 ஆம் நூற்றாண்டுடன் கிர்பத் அன்-நஹாஸின் உலைகள் அணைந்தன. ரோமப் பேரரசு இப்பகுதியைக் கைப்பற்றிய பின் தொழில் மீண்டும் பெரிதாகத் தொடங்கியது. மையம் இப்போது சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிர்பத் ஃபைனான். ரோமர் அதை ஃபைனோ என்றனர். நீர் கொண்டுவரும் கால்வாய், நீர்த்தேக்கம், ஆலை, பரந்த வயல்கள் என ஒரு முழு நகரமே எழுந்தது. அவற்றின் கற்கள் இன்றும் இருக்கின்றன.

ரோமச் சட்டத்தில் ‘சுரங்கத்துக்கு அனுப்புதல்’ மரண தண்டனைக்கு அடுத்த தண்டனை. கி.பி. 4 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள்மீது அடக்குமுறை நடந்தபோது எகிப்திலிருந்தும் பலஸ்தீனத்திலிருந்தும் பலர் ஃபைனோவுக்கு அனுப்பப்பட்டதை அக்காலத்தில் வாழ்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவு செய்துள்ளார். வலக்கண்ணைப் பிடுங்கி, இடக்கால் நரம்பைச் சுட்டு அவர்களை அனுப்பினார்கள் என்கிறார் அவர். காசாவின் ஆயர் சில்வானுஸ் 39 பேருடன் அங்கு தலை வெட்டப்பட்டார். கொலைக் குற்றவாளிகூட அந்தச் சுரங்கத்தில் சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது என அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதினார்.

ஆனால் இங்கும் எலும்புகள் எழுத்துக்குச் சற்று மாறான ஒன்றைச் சொல்கின்றன. ஃபைனோவின் 4 முதல் 6 ஆம் நூற்றாண்டு வரையிலான இடுகாட்டை ஆராய்ந்த மானிடவியலாளர் மேகன் பெரியின் குழு, அங்கு புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதே பிரதேசத்தில் வளர்ந்தவர்கள் எனக் கண்டது. தியாகிகளின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. அந்தச் சுரங்க ஊரிலேயே வாழ்ந்து மடிந்த உள்ளூர் மக்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மண் மறக்கவில்லை

1990 களில் கிரேயம் பார்க்கர் தலைமையிலான பிரிட்டிஷ் குழு ஃபைனான் பள்ளத்தாக்கின் நிலப்பரப்பு முழுவதையும் ஆராய்ந்தது. கிர்பத் ஃபைனானுக்கு அருகிலுள்ள பழைய அணைக்கட்டின் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த வண்டலில் செம்பும் ஈயமும் மிக அதிகமாக இருந்தன. ஜோன் கிரற்றனும் பிரையன் பயற்றும் அந்த உலோகங்களைப் பின்தொடர்ந்து போனார்கள். அங்கு முளைக்கும் தாவரங்களிலும், அவற்றை மேயும் ஆடுகளிலும், பழைய மனித எலும்புகளிலும் அவை காணப்பட்டன. உலைகள் அணைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் கழிவு உணவுச் சங்கிலியில் இருக்கிறது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்குள்ள ஓர் ஆற்றுப் படிவில் செம்பு மாசு ஏறியிருந்ததாகவும் 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகில் மனிதரால் மாசடைந்த முதல் ஆறு இதுவாக இருக்குமா என்ற கேள்வியை அது எழுப்பியது.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. திம்னாவில் மண் மாதிரிகளை எடுத்த தெல் அவீவ் பல்கலைக்கழகக் குழு, மாசு உலைக்களங்களைச் சுற்றியே நின்றது, பரவலாகவில்லை என 2024 இல் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாசு எவ்வளவு தூரம் பரவியது என்பதே விவாதம். கசட்டு மேட்டின் அருகே வாழ்பவருக்கு அது பெரிய ஆறுதல் அல்ல.

இழப்பு மண்ணோடு நிற்கவில்லை. உலைக்கு மரக்கரி வேண்டும். இரும்புக் காலத்தில் பாலையின் வேல மரமும் சவுக்கை ஒத்த புதர்களும் எரிந்தன. ரோமர் காலத்தில் மேட்டு நிலத்தின் ஓக் மரங்களையும் சூனிப்பர் மரங்களையும் வெட்டி இறக்கவேண்டியிருந்தது. திம்னாவின் கரியை ஆராய்ந்தவர்கள், அங்கு தொழில் முடிவுக்கு வந்தமைக்கு விறகு தீர்ந்துபோனதும் காரணம் என்கிறார்கள்.

மீண்டும் செம்பு

இன்று ஃபைனான் பள்ளத்தாக்கு தானா உயிர்க்கோளக் காப்பகத்தின் மேற்கு வாயில். 1989 இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகி, 1998 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் உயரத்தில் தொடங்கி கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கும் இந்தக் காப்பகத்தில் 800 இற்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. நூபிய மலையாடு போன்ற அருகிவரும் விலங்குகளும் இங்கு வாழ்கின்றன.

2021 ஓகஸ்ட் மாதத்தில் ஜோர்தான் அமைச்சரவை செம்புத் தாது உள்ள பகுதியைக் காப்பகத்தின் எல்லையிலிருந்து நீக்குவதற்கு முடிவெடுத்தது. வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் அரசாங்கம் கூறிய காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. நாட்டில் வேலையின்மை அப்போது 20 வீதத்தையும் தாண்டியிருந்தது. தெற்கு ஜோர்தான் நாட்டின் வறிய பகுதிகளில் ஒன்று. மின்சார வாகனங்களும் மின்கம்பிகளும் பெருகும் காலத்தில் செம்பின் விலையும் ஏறுமுகத்தில் இருந்தது. காப்பகத்தை நிர்வகிக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கான ரோயல் சங்கம் இந்த முடிவை வெளிப்படையாக எதிர்த்தது. சட்ட வழிகளிலும் போராடுவோம் என்றது. சமூக ஊடகங்களிலும் எதிர்ப்புக் கிளம்பியது.

பள்ளத்தாக்கில் வாழும் பெதுயின் மக்கள் இந்த இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறார்கள். ரஷாய்தா, அஸாஸ்மா போன்ற குலங்கள் அவர்களுள் அடங்கும். அஸாஸ்மாக்கள் 1948 யுத்தத்தின் பின் நெகேவ் பாலைவனத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். ஆடு மேய்ப்பது அவர்களின் பழைய தொழில். 2005 இல் திறக்கப்பட்ட, சூரிய சக்தியில் இயங்கி இரவில் மெழுகுதிரி ஒளியில் விருந்தினரை வரவேற்கும் ஃபைனான் சுற்றுலா விடுதி சில குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது. ஆனால் விடுதி ஒன்று எல்லோருக்கும் வேலை தரமுடியாது. சுரங்கம் வேண்டாம் என்று தலைநகர் அம்மானில் இருந்து சொல்வது இலகு. வேலையில்லாத இளைஞனுக்கு அப்படிச் சொல்வது அவ்வளவு இலகுவல்ல.

ஆகவே கேள்வி சுரங்கமா காப்பகமா என்பதோடு முடிவதில்லை. சுரங்கம் வந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு வேலை, எந்த வேலை, யாருக்கு? தாது தீர்ந்த பின் கழிவைப் பொறுப்பேற்பது யார்? வறண்ட நிலத்தில் சுரங்கத்துக்கான நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் தரப்படும் எந்த வாக்குறுதியும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல.

பொதுவாக ஒரு சுரங்கத் திட்டத்தை மதிப்பிடும்போது 20 அல்லது 30 ஆண்டுகளுக்குக் கணக்குப் போடுவார்கள். ஃபைனானில் அந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்கமுடிகிறது. உலைகள் எரிந்த காலம், அணைந்த காலம், பின் மூவாயிரம் ஆண்டுகள் என எல்லாம் அந்த ஆறு மீற்றர் கசட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கிருந்து போன செம்பு ஒலிம்பியாவிலும் தானிசிலும் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. போகாதது ஆடுகள் மேயும் மண்ணில் இருக்கிறது. அந்த இடத்துக்கு ‘செம்பின் இடிபாடுகள்’ என்று பெயர் வைத்தவர்கள் அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருக்கிறார்கள்.